மதிப்பெண் போடச் சொல்லும் கேள்விகள்: கல்லூரிக் கருத்தறியும் சேவை ஒன்றின் மதிப்புரை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டியுள்ள எங்கள் கல்லூரி, ஒவ்வொரு பாடத்தைப் பற்றியும் மாணவர்களின் கருத்தை அறிவதற்காக இணையவழிச் சேவை ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பெற்றிருக்கிறது. வணிகவியல் ஆசிரியர் என்ற முறையிலும், துறையின் சார்பில், கல்லூரியின் தரத்தைக் கண்காணிக்கும் உள்தர உறுதிக் குழுவில் இருப்பவர் என்ற முறையிலும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் பார்த்தவரை இத்தகைய சேவைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாகவே இருப்பதால், வேறொன்றை வாங்க எண்ணியிருக்கும் கல்லூரிக்கும் இது பயன்படக்கூடும்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிவம் கைபேசியில் எளிதாகத் திறக்கிறது. மலையாளம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கிடைக்கிறது. வேலந்தாவளம் பக்கத்தில் சிக்னல் போய் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சிக்கல் முழுவதும் சேவையோடு சேர்ந்து வரும் ஆயத்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை கல்லூரி ஆசிரியர்கள் அனைவருக்கும் பழக்கமானவை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு, 2017ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட முறையில் மாணவர் நிறைவுக் கணக்கெடுப்பைப் புகுத்தியது. அதில் 21 கேள்விகள் உண்டு. 20 கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்பு, கடைசிக் கேள்வியில் மாணவர் தம் சொற்களில் மூன்று கருத்துகளை எழுத வேண்டும். ஒரு கல்லூரியின் பொதுவான கற்பித்தல் நிலையை வெளியிலிருந்து அறிவதற்காக அமைக்கப்பட்ட அந்தப் பட்டியலை எடுத்து, ‘ஆசிரியர்கள்’ என்றிருந்த இடங்களில் ‘ஆசிரியர்’ என்று மாற்றி, தனியொருவரை மதிப்பிடும் கருவியாக இந்த நிறுவனம் நம்மிடம் விற்றிருக்கிறது. ப்ரொஜெக்டர் முதலிய கருவிகளை எத்தனை சதவீத ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள் என்ற 20ஆவது கேள்வியை மட்டும் அப்படி மாற்ற முடியாமல் விட்டுவிட்டார்கள் போலும். அது ஒவ்வொரு பாடத்தின் படிவத்திலும் பொருந்தாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மூலப்பட்டியலிலேயே ஒரு கேள்வியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆசிரியர்கள் வகுப்புக்கு எந்த அளவுக்குத் தயாரித்து வந்தார்கள் என்று கேட்டுவிட்டு, முழுமையாக, திருப்திகரமாக, மோசமாக, அக்கறையின்றி, பாடமே நடத்துவதில்லை என ஐந்து விடைகளைத் தருகிறார்கள். மோசமாகத் தயாரிப்பதற்கும் அக்கறையின்றித் தயாரிப்பதற்கும் எது மேல், எது கீழ் என்பதை யார் முடிவு செய்வது? பாடமே நடத்தாமல் இருப்பது தயாரிப்பின் ஒரு படிநிலையா? விடைகள் ஒரே கோட்டில் அமையாதபோது அவற்றுக்கு 4, 3, 2 என எண் கொடுத்துக் கூட்டுவதில் பொருளில்லை. அதைவிடப் பெரிய குறை, ஆசிரியரின் தயாரிப்பை மாணவர் பார்ப்பதே இல்லை என்பது. பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு தங்குதடையின்றிப் பேசுகிறவர் நன்கு தயாரித்தவராகத் தெரிவார். இரவெல்லாம் விழித்துப் புதிய கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து முதல் வாரத்தில் தடுமாறும் இளம் ஆசிரியருக்குக் குறைந்த மதிப்பெண் விழும்.

நிறுவனம் தானாகச் சேர்த்த கேள்விகளோ இதைவிடக் கவனக்குறைவானவை. ‘ஆசிரியர் குறித்த நேரத்தில் வந்து பாடத்தைத் தெளிவாக விளக்குகிறார்’ என்று ஒரு கூற்று இருக்கிறது. மணியடித்தவுடன் வந்துவிடுகிற, ஆனால் பேசுவது பின்வரிசைக்குப் புரியாத ஆசிரியருக்கு மாணவர் எதைக் குறிப்பார்? நடுவில் இருக்கும் விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அறிக்கையைப் பெறும் ஆசிரியர், தாம் சீக்கிரம் வர வேண்டுமா, நிதானமாகப் பேச வேண்டுமா என்பது தெரியாமல் விழிப்பார்.

‘வகுப்பு சுவையாக இருந்தது’ என்ற கூற்றைக் காணும்போதெல்லாம் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை எனக்கு நினைவுக்கு வரும். 1970ஆம் ஆண்டு, நடிகர் ஒருவரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் வல்லுநராக அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் ‘கேம் தியரி’ எனப்படும் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன்பாடு பற்றிச் சாரமற்ற ஓர் உரையை நிகழ்த்தச் செய்தார்கள். கேட்டவர்கள் கல்வியாளர்களும் மனநல மருத்துவர்களும். ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் உரையைப் பாராட்டியே விடையளித்தார்கள். 1973இல் வெளியான அந்த ஆய்வு, பேச்சின் கவர்ச்சியைக் கற்றலாக எண்ணி ஏமாறுவது இளம் மாணவர்களுக்கு மட்டுமே உரிய குறையன்று என்பதைக் காட்டிவிட்டது.

அப்படியானால் மாணவரிடம் கேட்கவே கூடாதா? 2018இல் டொரொண்டோவின் ரயர்சன் பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இத்தகைய படிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார். அதேவேளையில், மாணவரின் அனுபவத்தை அறிய அவை உதவும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். கேள்வி அமைக்கும் எவரும் இந்த எல்லைக்குள் நிற்பது நல்லது. தாம் கண்டதற்கும் செய்ததற்கும் மாணவரைவிட நல்ல சாட்சி இல்லை. ஆசிரியரின் புலமைக்கு அவர் சாட்சியாக முடியாது.

இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று நான் கருதுவது, ஆயத்தக் கேள்விகளை அணைத்துவிட்டு நம்முடைய கேள்விகளை ஏற்றும் வசதி அதில் இருப்பதால்தான். செலவுக் கணக்கியல் பாடத்துக்கு நாங்கள் ஏற்றியவற்றில் சில: ‘திருத்திய விடைத்தாள் தேர்வு முடிந்து எத்தனை வாரத்தில் உங்கள் கைக்கு வந்தது?’, ‘விடை தவறாக இருந்தபோது எந்தப் படியில் தவறினீர்கள் என்பது குறிக்கப்பட்டிருந்ததா?’, ‘வகுப்பில் போட்ட கணக்கைப் போன்ற இன்னொன்றை இப்போது கொடுத்தால், இயல்பான இழப்பையும் இயல்பு மீறிய இழப்பையும் உதவியின்றிப் பிரித்துக் காட்ட உங்களால் முடியுமா, எடுத்துக்காட்டைப் பார்த்தால் முடியுமா, இன்னும் புரியவில்லையா?’. (உற்பத்தியில் தவிர்க்க முடியாமல் ஏற்படுவது இயல்பான இழப்பு; அதற்கு மேற்படுவது இயல்பு மீறிய இழப்பு.) கடைசிக் கேள்வியின் விடைகளைப் பார்த்தவுடன், அடுத்த வகுப்பில் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ‘ஆசிரியரின் அணுகுமுறை எத்தகையது’ என்ற கேள்விக்கு ‘மிக நன்று’ என்று வரும் விடையால் மகிழ்ச்சி மட்டுமே கிடைக்கும்.

திறந்த கேள்வியிலும் சொல்லமைப்பு முக்கியம். ‘வேறு கருத்துகள்’ என்று வெற்றுப் பெட்டியை வைத்தால் ‘இல்லை’, ‘குட்’, ‘நைஸ் சார்’ என்பவைதான் வருகின்றன. ‘இந்தப் பாடத்தில் உங்களுக்குப் புரிய உதவிய ஒரு செயலையும், அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக மாற்ற வேண்டிய ஒன்றையும் எழுதுங்கள்’ என்று கேட்டபோது, கரும்பலகையில் கணக்கைப் போட்டு முடித்தவுடன் அழித்துவிடுவதால் எழுதிக்கொள்ள நேரம் போதவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். அன்றே திருத்திக்கொள்ளக்கூடிய குறை அது.

பெயர் மறைப்பில் இந்தச் சேவை எல்லைப்பகுதிக் கல்லூரிகளை எண்ணிப் பார்க்கவேயில்லை. எழுதியவரின் பெயரை நீக்கிவிடுகிறது. ஆனால் அவர் எழுதிய மொழியிலேயே கருத்தை அப்படியே ஆசிரியருக்குக் காட்டுகிறது. பெரும்பாலோர் மலையாளத்தில் எழுதும் வகுப்பில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் வழியாக வந்து படிக்கும் ஓரிருவர் மட்டும் தமிழில் எழுதினால், எழுதியது யார் என்பதைக் கண்டுபிடிக்க எந்த ஆசிரியரும் சிரமப்பட வேண்டியதில்லை. இதனாலேயே தமிழ் மாணவர்கள் பெட்டியை வெறுமையாக விடுகிறார்கள், அல்லது தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கருத்துகள் அனைத்தையும் ஒரே மொழியில் தொகுத்து, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள் வெளியான பிறகே காட்டும் வசதியைக் கேட்டிருக்கிறோம். அதுவரை துறைத்தலைவர் படித்துச் சாரத்தை மட்டும் ஆசிரியரிடம் சொல்லும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம்.

அறிக்கை இன்னொரு குறை. சராசரியை இரண்டு தசமத்தில் கொடுத்து, அதை வைத்து ஆசிரியர்களை வரிசைப்படுத்துகிறது. பன்னிரண்டு பேர் படிக்கும் விருப்பப்பாடத்தில் 3.42க்கும் 3.25க்கும் உள்ள வேறுபாடு, இருவர் தலா ஒரு படி கீழே குறித்ததால் மட்டுமே வந்துவிடும். பாதிப் பேர் உச்சத்திலும் பாதிப் பேர் அடியிலும் குறித்த வகுப்பும், எல்லோரும் நடுவில் குறித்த வகுப்பும் சராசரியில் ஒன்றாகவே தெரியும். முதலில் சொன்ன வகுப்பில்தான் ஆசிரியர் உடனே கவனிக்க வேண்டிய ஏதோ நடந்திருக்கிறது. ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் குறித்தார்கள் என்ற பட்டியலும் உள்ளே இருக்கிறது, மூன்று பக்கங்களைத் தாண்டிப் போனால்.

படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்று கட்டிப்போடும் வசதியையும் நிறுவனம் பெருமையாக விளம்பரப்படுத்துகிறது. அதைப் பயன்படுத்தினால் நூற்றுக்கு நூறு பேர் நிரப்புவார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நெடுவரிசையில் விரலால் தட்டிவிட்டுப் போவார்கள். பருவத்தின் ஆறாவது வாரத்தில், வகுப்பறையிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, ஐந்தாறு கேள்விகளை மட்டும் கேட்பது மேலானது. பருவ இறுதியில் சொல்லும் குறை, சொன்ன மாணவருக்குப் பயன்படாது.

சொந்தக் கேள்விகளை எழுத முன்வரும் ஓர் ஆசிரியராவது ஒவ்வொரு துறையிலும் இருந்தால் இந்தச் சேவையை வாங்கலாம். அப்படி யாரும் இல்லாத கல்லூரிக்கு இலவசமாகக் கிடைக்கும் கூகுள் படிவமே போதும். மாணவர் சொன்னதற்கு ஆசிரியர் என்ன செய்தார் என்பதைத் திருப்பித் தெரிவிக்கும் இடம் இதில் எங்குமே இல்லை. எங்கள் துறையில் அதைத் தனியே தட்டச்சு செய்து, மலையாளம், தமிழ் ஆகிய இரண்டு மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வருகிறோம்.