படிக்கத் தடுமாறும் முதிய கண்களுக்கு எது பொருந்தும்? பூதக்கண்ணாடி முதல் திரை வரை ஓர் ஒப்பீடு

"இதற்கு மேல் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை" என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டால், பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். கிடைப்பதிலேயே பெரிய பூதக்கண்ணாடியை வாங்கிக் கொடுக்கிறார்கள். சில நாளில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. "அப்பாவுக்கு இதெல்லாம் பழகாது" என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். அப்பாமேல் தவறில்லை. மாத்திரை அட்டையில் பெயர் பார்ப்பது ஒரு வேலை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் படிப்பது வேறு வேலை, படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கருவியை வாங்கினால் அது எதற்கும் சரியாக உதவாது. ஆகவே எந்தக் கருவி எந்த வேலைக்கு என்ற கணக்கிலேயே இந்த அலசல் போகிறது.

உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில், நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வை 6/18-க்குக் (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிப்பார்) கீழே போனால் மிதமான குறைபாடு, 6/60-க்குக் கீழே தீவிரக் குறைபாடு, 3/60-க்குக் கீழே பார்வையின்மை. கீழே வரும் கருவிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்கானவை.

வாங்குவதற்கு முன்

பவர் பரிசோதனை புதிதாக ஆகியிருக்க வேண்டும். கண்புரை இருந்தால் அதை எடுப்பதால் பலன் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். கதவு நிலை, ஜன்னல் கம்பி போன்ற நேர்கோடுகள் திடீரென வளைந்து தெரிந்தால் கருவி தேடும் பேச்சே வேண்டாம், உடனே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். அது ஈர வகை மாகுலா சிதைவாக (விழித்திரையின் நடுப்பகுதியில் ரத்தக் குழாய்கள் கசிந்து பார்வை கெடும் நோய்) இருக்கலாம். கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும். நாள் கடத்தினால் விழித்திரையில் தழும்பு விழுந்து, இழந்த பார்வை திரும்பாமல் போகும்.

அடுத்தது விளக்கு. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் ஒளி நுழையும் துளையான பாப்பா சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது. 60 வயதில் விழித்திரைக்கு வந்து சேரும் ஒளி, 20 வயதில் வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. கூரை விளக்கை மாற்றுவதைவிட, வளையும் கழுத்துள்ள மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைப்பதே மேல். விளக்குக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். பல்பு கண்ணில் படாமல், நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமிருந்து ஒளி விழட்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் 'எக்ஸ்'

விளம்பரத்தில் வரும் 5எக்ஸ், 10எக்ஸ் (ஐந்து மடங்கு, பத்து மடங்கு பெரிதாக்கும்) என்ற எண்களை நம்பி வாங்காதீர்கள். லென்ஸின் பவரை அளக்கும் அலகான டயாப்டர் எண்ணை நான்கால் வகுத்துப் போடுபவர்களும் உண்டு, வகுத்து ஒன்றைக் கூட்டிப் போடுபவர்களும் உண்டு. அதனால் 20 டயாப்டர் லென்ஸ் ஒரு நிறுவனத்திடம் 5எக்ஸ், இன்னொரு நிறுவனத்திடம் 6எக்ஸ். டயாப்டர் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். உள்ளங்கை அகல லென்ஸை யாராவது 10எக்ஸ் என்று விற்றால் அது பொய். அந்தப் பவருக்கு 40 டயாப்டர் வேண்டும், அவ்வளவு வளைந்த லென்ஸை அத்தனை அகலமாகச் செய்து பயன்படுத்த முடியாது.

எவ்வளவு பவர் தேவை என்பதற்குக் கண்ணியலாளர்கள் நெடுநாளாகக் கையாளும் குறுக்குவழி, தூரப்பார்வை எண்ணைத் தலைகீழாக்குவது. 6/60 என்றால் 60-ஐ 6-ஆல் வகுக்க 10 டயாப்டர். செய்தித்தாள் எழுத்தை எட்டிப்பிடிக்க இது போதும். சரளமாகப் படிக்க ஏறக்குறைய இரு மடங்கு வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் பவர் ஏற்றினால், கண்ணில் படும் பரப்பு சுருங்கிப் படிப்பது இன்னும் மெதுவாகும்.

கையில் பிடிப்பதா, தாளில் நிறுத்துவதா

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே இங்கே சற்று நிதானிக்கலாம்.

கைப்பிடி பூதக்கண்ணாடியைத் தாளிலிருந்து அதன் குவிய தூரத்தில் பிடிக்க வேண்டும். 100-ஐ டயாப்டரால் வகுத்தால் அந்தத் தூரம் சென்டிமீட்டரில் வரும்: 10 டயாப்டருக்கு 10 செ.மீ., 20 டயாப்டருக்கு 5 செ.மீ. லென்ஸை முதலில் தாளோடு ஒட்டி வைத்து மெல்ல உயர்த்துங்கள். எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்து கலங்கத் தொடங்கும், அதற்குச் சற்று முன்பு நிறுத்த வேண்டும். இந்த நிலையில் தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதே சரி, பைஃபோகல் (மேல்பாதி தூரத்துக்கும் கீழ்பாதி வாசிப்புக்குமான கண்ணாடி) என்றால் மேல்பாதி வழியாக.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குவிய தூரத்தில் பிடித்த பிறகு கண்ணை அருகே கொண்டுவந்தாலும் விலக்கினாலும் எழுத்தின் அளவு மாறாது, தெரியும் அகலம் மட்டும் மாறும். 5 செ.மீ. விட்டமுள்ள 20 டயாப்டர் லென்ஸை 25 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் தாளில் 1 செ.மீ. அகலம் மட்டுமே தெரியும், ஒரு தமிழ்ச் சொல்கூட முழுதாக அகப்படாது. கண்ணை 10 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் அதுவே 2.5 செ.மீ. ஆகிறது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் பலருக்கு இந்த ஒரு திருத்தமே போதும்.

தாங்கி உள்ள பூதக்கண்ணாடியில் உயரத்தைக் கால்களே பார்த்துக்கொள்கின்றன. கை நடுங்குபவர்களுக்கும், முடக்குவாத விரல்களுக்கும், 16 டயாப்டருக்கு மேல் தேவைப்படுபவர்களுக்கும் எங்கள் தேர்வு இதுவே, எல்இடி விளக்கு உள்ளதாக. விளக்கில்லாத தாங்கி தன் நிழலையே எழுத்தின் மேல் போட்டுக்கொள்ளும். ஆனால் கண்ணாடி விதி இங்கே நேர் எதிர். தாங்கியின் உயரத்தைக் குவிய தூரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே செய்கிறார்கள். உருவம் அருகிலேயே உருவாவதால், வாசிப்புக் கண்ணாடியோடுதான் அதைப் பார்க்க வேண்டும். பைஃபோகலின் மேல்பாதி வழியாகப் பார்த்தால் எழுத்து மங்கும், குறையைக் கருவியின் தலையில் போடுவோம்.

தாங்கி தோற்கும் இடங்களும் உண்டு. மருந்துப் புட்டியின் வளைவில் அது உட்காராது. தடித்த புத்தகத்தின் தையல் ஓரத்தில் சாய்ந்துவிடும். அதன் அடியில் பேனாவை விட்டு எழுதவும் வராது. இந்த மூன்றுக்கும் கைப்பிடி லென்ஸ்தான்.

உயர்பவர் கண்ணாடி

இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், லென்ஸ் கண்ணை ஒட்டியிருப்பதால் அகலமும் அதிகம். விலையாகக் கொடுப்பது தூரத்தை. +10 டயாப்டர் கண்ணாடிக்குத் தாள் 10 செ.மீ.-ல், மூக்குக்கு நேரே இருக்க வேண்டும். 15 செ.மீ.-க்கு நகர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும். அவ்வளவு அருகில் இரு கண்களும் எளிதில் குவிய முடியாது என்பதால், இரு கண்ணாலும் படிக்க, மூக்குப் பக்கம் தடித்த அடிப்பாகம் அமைந்த பட்டகம் (ஒளியைத் திருப்பும் ப்ரிஸம்) சேர்த்துச் செய்வார்கள். +6-க்குக் கண்ணுக்கு 8 பட்டக அலகு, +10-க்கு 12. +12-க்கு மேல் பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு மட்டுமே தருவார்கள். படிக்கும்போது தலையை அசைக்காமல் தாளைத்தான் இடப்பக்கமாக நகர்த்த வேண்டும். பழக்கத்துக்குச் சில வாரம் பிடிக்கும். தையலுக்கும் நுணுக்க வேலைக்கும் இது நல்லது. இதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடக்கவே கூடாது, தரை தெரியாமல் விழ நேரும்.

மேசைத் திரை, கைத்திரை, ஃபோன்

கேமராவும் திரையும் சேர்ந்த படிப்புக் கருவி 1960-களின் இறுதியிலேயே உருவாகிவிட்டது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவரான சாமுவேல் ஜெனென்ஸ்கி தாமே பார்வைக் குறைபாடு உள்ளவர். லென்ஸால் முடியாத ஒன்றை இது செய்கிறது: எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள நிற வேறுபாட்டைக் கூட்டுகிறது. கருவிழி கலங்கியவர்களுக்கும், கண்புரை எடுக்க முடியாதவர்களுக்கும் வெள்ளைத் தாளின் ஒளியே கண்ணுக்குள் சிதறிக் கூசும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று மாற்றியதும் அதே அளவில் படிப்பவர்கள் உண்டு.

திரையின் அளவை மட்டும் குறைத்து வாங்காதீர்கள். 10 மடங்கில் வைத்தால் 24 அங்குல மேசைத் திரையில் (அகலம் 53 செ.மீ.) தாளின் 5.3 செ.மீ. தெரியும். 5 அங்குலக் கைத்திரையில் (11 செ.மீ.) வெறும் 1.1 செ.மீ. அதனால் கைத்திரை கடையில் லேபிள் பார்க்க, மேசைத் திரை புத்தகம் படிக்க. மேசைத் திரையின் நகரும் தட்டு வரியிலிருந்து வரிக்கு வழுக்கினால் தலைசுற்றும், தட்டின் உராய்வுப் பிடியை இறுக்கிக்கொள்ளுங்கள். எழுதும்போது கை குறுக்கே வரும், தானியங்கிக் குவியம் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்தைக் கலக்கிவிடும். குவியத்தைப் பூட்டும் பொத்தான் உள்ளதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

ஃபோன் பலரிடம் ஏற்கெனவே இருப்பதால் முதலில் அதையே முயன்று பார்க்கலாம். ஃபோனை எழுத்தோடு ஒட்டிப் பிடிப்பதே வழக்கமான தவறு. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து, படத்தை உறையவைத்துப் பிறகு பெரிதாக்குங்கள். நடுக்கம் அப்போது பொருட்டாகாது. பளபளக்கும் மாத்திரை அட்டையில் டார்ச் ஒளி திரும்பி அடிக்கும், அட்டையைச் சாய்த்தால் எழுத்து வெளிப்படும். நீண்ட வாசிப்புக்கு ஃபோன் திரை ஏற்றதல்ல.

எழுத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஒரு பார்வையில் மூன்று நான்கு எழுத்துதான் விழுகிறது என்ற நிலை வந்தால், நீண்ட வாசிப்பைக் காதுக்கு மாற்றிவிடலாம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது. அப்போதும் மாத்திரைக்கு லென்ஸ் கைவசம் இருக்கட்டும்.

நோய் மாறினால் தேர்வும் மாறும்

மாகுலா சிதைவில் நடுப்பார்வை போகிறது, ஓரம் மிஞ்சுகிறது. இவர்களுக்குப் பெருக்கம் உதவும், கூடவே ஓரப்பார்வையால் படிக்கும் பயிற்சியும் வேண்டும். பார்வையைச் சற்று மேலோ பக்கமோ நிறுத்தி, கண்ணை அசைக்காமல் தாளை இடப்பக்கம் இழுத்துப் படிக்க வேண்டும். பயிற்சியைப் பெரிய எழுத்தில் தொடங்குவது நல்லது. முற்றிய கிளாக்கோமாவில் (கண் அழுத்த நோய்) நிலைமை தலைகீழ். நடுவில் குழாய்போலக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும், எழுத்தைப் பெருக்கினால் அந்தக் குழாய்க்குள் அடங்காது. குறைந்த பெருக்கம், நல்ல வெளிச்சம், நிற மாற்றம் ஆகியவையே அங்கே கைகொடுக்கும்.

தொலைக்காட்சிக்குத் தனிக் கருவி வாங்குமுன் நாற்காலியை 3 மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு நகர்த்துங்கள், படம் இரு மடங்காகும். அருகில் உட்காருவதால் கண் கெடாது.

சோதித்துப் பார்க்கப் போகும்போது முதியவரின் சொந்தப் பொருள்களை எடுத்துப்போங்கள்: அவர் சாப்பிடும் மாத்திரை அட்டை, படிக்கும் புத்தகம், நிரப்ப வேண்டிய படிவம், இப்போது அணியும் எல்லாக் கண்ணாடிகளும். கடை அட்டையின் கறுத்த பெரிய எழுத்தில் எல்லாக் கருவியும் நன்றாகவே தெரியும். முடிந்தால் சில நாள் வீட்டுக்குக் கொடுத்துத் திரும்பப் பெறும் இடத்தில் வாங்குங்கள். வீட்டில் முதல் சில நாள் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கழுத்து வலிக்கும், கருவி மேசை இழுப்பறையைத் தேடிப் போய்விடும்.