டாஹோ ஏரி: சேண்ட் ஹார்பரா, எமரால்ட் பேயா?

கோடை வந்துவிட்டால் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவின் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, டாஹோ போகலாம் என்று முடிவாகிவிடும். எந்தக் கரைக்கு என்பதில்தான் இழுபறி. கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லை ஏரியின் நடுவே ஓடுகிறது. கிழக்குக் கரையில் நெவாடாவின் சேண்ட் ஹார்பர். தென்மேற்கு மூலையில் கலிஃபோர்னியாவின் எமரால்ட் பே, அதை ஒட்டி வடக்கே டி.எல். பிளிஸ். எல்லாமே மாநிலப் பூங்காக்கள்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் சின்னக் குழந்தையோ மூட்டுவலிக்காரரோ இருந்தால் சேண்ட் ஹார்பர். எல்லோரும் நன்றாக நடப்பவர்கள் என்றால், பிளிஸ்ஸில் வண்டியை விட்டுவிட்டு எமரால்ட் பே வரை நடப்பதுதான் சரி. பலரும் எமரால்ட் பேயைச் சாலையோரத்திலிருந்து பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அத்தனை தூரம் வந்துவிட்டுத் தண்ணீரில் கால்கூட நனைக்காமல் போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சேண்ட் ஹார்பரின் பலம் அதன் மணல். கரை மெதுவாகத்தான் ஆழமாகிறது. குழந்தை இடுப்பளவு நீரில் நின்று விளையாட, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். மணல் முடியும் இடத்தில் யானை யானையாக உருண்டை கிரானைட் பாறைகள், பாதி நீருக்குள், பாதி வெளியே. நீர் அவ்வளவு தெளிவு என்பதால், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் பாறைகளுக்கு மேலே போகும்போது உங்கள் படகின் நிழல் கீழே மணலில் கூடவே நகர்வது தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு மரப்பலகை நடைபாதை உண்டு, சக்கர நாற்காலியும் போகும். பாட்டியை வண்டியில் இருந்து இறக்கி ஐந்து நிமிடத்தில் ஏரியைக் காட்டிவிடலாம் என்பது லேசான விஷயம் இல்லை.

சிக்கல் பார்க்கிங்தான். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் காலையிலேயே நிரம்பிவிடும். நிரம்பினால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது காலை நேர நுழைவுக்கு முன்பதிவு முறையும் வந்துவிட்டது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநில வண்டிக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: இன்க்லைன் வில்லேஜ் என்ற ஊரிலிருந்து சேண்ட் ஹார்பர் வரை ஏரியை ஒட்டியே 3 மைல் தார்ப்பாதை, 2019இல் திறந்தது. கூடாரம் போட்டுத் தங்க மட்டும் சேண்ட் ஹார்பரில் இடமில்லை.

எமரால்ட் பே வேறு ரகம். பனியாறு குடைந்து விட்டுப்போன விரிகுடா, நடுவில் ஃபனெட் தீவு. இவ்வளவு பெரிய ஏரிக்கும் அது ஒன்றுதான் தீவு. கரையில் வைக்கிங்ஸ்ஹோம் என்ற மாளிகை. லோரா ஜோசஃபின் நைட் என்ற அம்மையார் 1929இல் கட்டியது, 38 அறைகள். ஸ்காண்டிநேவியாவுக்குப் போய்ப் பார்த்து வந்து, அந்த ஊர்ப் பாணியிலேயே கட்டியிருக்கிறார். கூரையின் ஒரு பகுதியில் மண் பரப்பிப் புல் வளர்த்திருக்கிறார்கள், கோடையில் அதில் பூவும் பூக்கும். தீவின் உச்சியில் தெரியும் கல் அறை அவருடைய தேநீர் வீடு. விருந்தாளிகளைப் படகில் கூட்டிப்போய் அங்கே டீ கொடுப்பாராம்.

இந்த மாளிகைக்குப் போக 1 மைல் இறங்க வேண்டும். இறங்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் தெரியும். ஏரியே கடல்மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைவிடச் சற்றுத்தான் குறைவு. காலையில் சமவெளியில் இருந்து வந்தவருக்கு அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இதயப் பிரச்சினை உள்ள பெரியவர்களை ‘சும்மா மெதுவா போலாம்பா’ என்று சொல்லிக் கீழே கூட்டிப்போகாதீர்கள். பார்க்கிங்கும் இங்கே மிகக் குறைவு, வளைந்து வளைந்து போகும் 89ஆம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒதுங்கவும் இடமில்லை.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது, எந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையே மாற்றிவிடும். எமரால்ட் பே கிழக்கு நோக்கித் திறந்திருக்கிறது, அதனால் காலை வெயில் நேராக உள்ளே விழும், பச்சையும் நீலமும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் மேற்கு மலையின் நிழல் சீக்கிரமே மூடிவிடும். சேண்ட் ஹார்பரில் இது தலைகீழ்: சூரியன் ஏரிக்கு அப்பால் மறைவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். காற்றும் அப்படித்தான். கோடையில் மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று ஏரியின் குறுக்கே ஓடிவந்து கிழக்குக் கரையில் அலையாக மோதும். ஆகவே சேண்ட் ஹார்பரில் கயாக் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது பிளிஸ். நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களுக்காக இந்த மலைக் காடுகளை வெட்டித் தள்ளிய மர வியாபாரி டுவேன் லெராய் பிளிஸ். 1929இல் அவர் குடும்பமே 744 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடுத்தது. அங்கிருந்து தொடங்கும் ரூபிகான் பாதை, பாறைச் சரிவின் விளிம்பில், ஓரிடத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போக வைக்கும். கீழே நீர் சட்டென்று கருநீலமாகிவிடும், கரையிலேயே அத்தனை ஆழம். வைக்கிங்ஸ்ஹோம் வரை ஏறக்குறைய 4.5 மைல். ஒரு வழி நடந்துவிட்டு அங்கிருந்து நண்பர் வண்டியில் திரும்ப ஏற்பாடு செய்தால் நல்லது, ஆனால் மேலே சாலைக்கு அந்த 1 மைல் ஏறித்தான் ஆக வேண்டும். கையை விட்டு ஓடும் வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாதை வேண்டாம்.

எந்தக் கரைக்குப் போனாலும் குளிரை நினைவில் வையுங்கள். ஆகஸ்டிலும் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைச் சுற்றித்தான் இருக்கும். அதற்கு முன் இன்னும் மோசம். நின்றபடி துடுப்புப் போடும் பலகையான பேடில் போர்டிலிருந்து திடீரென்று விழுந்தால் நன்றாக நீந்துபவருக்கும் மூச்சு அடைக்கும். 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் படகில் லைஃப் ஜாக்கெட் சட்டப்படி கட்டாயம், பெரியவர்களும் கழற்றிக் காலடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் கயாக் கொண்டுவந்தால் கழுவி, முழுக்கக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும், வேறு ஏரியின் நத்தையும் சிப்பியும் இங்கே வந்து சேராமலிருக்க.

அப்புறம் சாப்பாடு. புளியோதரை, தயிர்சாதம், சிப்ஸ் எதையும் வண்டிக்குள் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள். கருங்கரடிகள் கார்க் கதவைத் திறக்கப் பழகியவை. கூடார இடங்களில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள், டூத்பேஸ்ட் வரை அதற்குள்தான் போக வேண்டும். பிளிஸ், எமரால்ட் பே பக்கம் தங்க ஆசைப்படுபவர்கள் ஆறு மாதம் முன்பே, பதிவு திறக்கும் காலையிலேயே கணினி முன் உட்கார்ந்துவிடுங்கள்.