தோட்டக் கொட்டகைக்கு அடித்தளம்: பிளாக்கா, கான்கிரீட்டா, ஜல்லியா?

கொட்டகைக் கதவு ஒருநாள் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கதவைச் சீவுவோம், கீலை மாற்றுவோம். கோளாறு பெரும்பாலும் கதவில் இருக்காது. தரை ஒரு மூலையில் இறங்கியிருக்கும். என் முதல் கொட்டகையில் இதுதான் நடந்தது. மண்மேலேயே நான்கு சிமென்ட் பிளாக்கை வைத்து மரச்சட்டத்தை ஏற்றியிருந்தேன். ஒரே மழைக்காலத்தில் ஒரு மூலை ஓர் அங்குலம் உள்ளே போய்விட்டது.

தப்பு பிளாக்கில் இல்லை, அடியில் இருந்த மேல்மண்ணில். அதைத் தோண்டி எடுத்துவிட்டு, நாலைந்து அங்குலம் ஜல்லி போட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் பிளாக்கை வைத்தால் நன்றாகவே நிற்கும். செலவும் எல்லாவற்றிலும் குறைவு. சரிவான நிலத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். பள்ளமான பக்கம் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அடியில் காற்றோட்டம் இருப்பதால் மரமும் சீக்கிரம் காயும். ஆனால் 8க்கு 10 அடிக் கொட்டகைக்கு மூலைகள் மட்டும் போதாது. நடுவிலும் ஓரங்களிலும் சேர்த்து ஒன்பது இடத்திலாவது தாங்கல் வேண்டும், அத்தனையும் ஒரே மட்டத்தில். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) இல்லாமல் இறங்காதீர்கள். ஹாலோ பிளாக் என்றால் துளை மேல்நோக்கி இருக்க வேண்டும். படுக்க வைத்தால் பாரத்தில் நொறுங்கும்.

கான்கிரீட் உறுதியானதுதான். கணக்கையும் பாருங்கள்: அதே 8க்கு 10 அடிக்கு 4 அங்குலக் கனம் போட்டால் சுமார் 27 கன அடி, எடை கிட்டத்தட்ட 1.8 டன். அவ்வளவையும் கையால் கலப்பது ஒருவர் வேலை இல்லை. அப்புறம் ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அடியில் இடித்த ஜல்லி வேண்டும், இல்லாவிட்டால் விரிசல்தான். ஆக, ஜல்லிச் செலவு மிச்சமாவதில்லை, அதற்குமேல் சிமென்ட் செலவு சேர்கிறது. பட்டறை இயந்திரமோ வண்டியோ உள்ளே நிற்கும் என்றால் தயங்காமல் கான்கிரீட் போடுங்கள். மண்வெட்டிக்கும் பூந்தொட்டிக்கும் அது தேவையில்லை.

என் ஓட்டு ஜல்லித் தளத்துக்கு. புல்லையும் மேல்மண்ணையும் எடுத்துவிட்டு, ஜியோடெக்ஸ்டைல் துணியை (நீரை விட்டு, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் துணி) விரித்து, சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, முக்கால் அங்குல உடைகல்லை 4 முதல் 6 அங்குலம் வரை நிரப்ப வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு இடித்தால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டு இடியுங்கள். கூழாங்கல் வேண்டாம். அது உருண்டுகொண்டே இருக்கும், உடைகல்லோ ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பின்னால் ஒரு மூலை லேசாக இறங்கினாலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கொஞ்சம் ஜல்லியைத் தள்ளினால் சரியாகிவிடும். கான்கிரீட்டில் அது முடியாது.

அளவில் பலர் தவறுவார்கள். ஜல்லித் தளம் கொட்டகையைவிட நான்கு பக்கமும் ஓர் அடி அகலமாக இருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் ஜல்லியில் விழுந்து இறங்கிவிடும், சேறு தெறித்து அடிப்பலகை அழுகாது. கான்கிரீட் இதற்கு நேர்மாறு. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் விழுந்து சுவருக்கு அடியில் புகும்.

தளக்கல் பாவுவதும் உண்டு. அதற்கும் அடியில் இதே ஜல்லி வேலை இருப்பதால் பணம் மிச்சம் பிடிக்க அது வழியல்ல.

ஜல்லித் தளத்துக்கு இரண்டு குறைகள். களிமண்ணில் தோண்டிய குழி கிண்ணம்போல நீரைத் தேக்கும். அங்கே தளத்தைத் தரைமட்டத்துக்கு மேலே எழுப்பி, தாழ்ந்த பக்கம் நீர் வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். இன்னொன்று காற்று. கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கலாம், ஜல்லியில் பிடிப்பு கிடையாது. எடை குறைந்த தகரக் கொட்டகை என்றால் நான்கு மூலையிலும் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் இரும்பு முளை அடித்து, அதோடு சட்டத்தைப் பிணைத்துவிடுங்கள்.