பல்ஸ் மோட்டார் கிட்: காந்தம் அருமை, கோளாறெல்லாம் காயிலில்

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகனுக்காக ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு இந்த கிட்டை வாங்கினேன். காயிலுக்கு விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்து, காந்தம் ஒட்டிய தட்டைச் சுழல வைப்பதுதான் பல்ஸ் மோட்டார். 10 செ.மீ. அக்ரிலிக் தட்டு, அதன் விளிம்பில் ஒட்ட ஆறு நியோடிமியம் காந்தம், இரண்டு 608 பேரிங், இரும்பு போல்ட்டில் சுற்றிய காயில், ரீடு சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் தானே மூடிக்கொள்ளும்), 9 வோல்ட் பேட்டரிக்கு கிளிப். காந்தமும் பேரிங்கும் முதல் தரம். அதற்கு மேல் பாராட்ட ஒன்றுமில்லை.

காந்தம் போல்ட்டுக்கு நேரே வந்ததும் தட்டு டக்கென்று நின்றுவிடும். மின்சாரமே இல்லாவிட்டாலும் காந்தம் இரும்பைப் பிடிக்கத்தானே செய்யும்! அந்தப் பிடியை உதறிக்கொண்டு அடுத்த காந்தம்வரை போக, தட்டில் கனம் வேண்டும். அது ஐம்பது கிராம்கூட இல்லை. கையால் வேகமாகச் சுழற்றிவிட்டால் மட்டும் ஓடியது. நாலாம் நாள் ரீடு சுவிட்ச் ஒட்டிக்கொண்டு காயில் சுட்டது. ஒவ்வொரு முறை மின்சாரம் அறுபடும்போதும் காயில் எதிர்த்து உதைக்கும். அந்தத் தீப்பொறி தொடுமுனையைத் தின்றுவிட்டது. காயிலின் குறுக்கே, அந்த உதைக்கு வழிவிடும் ஒரு 1N4007 டயோடு போட்டிருந்தால் போதும், அதைக்கூட வைக்கவில்லை.

காயிலை திருமங்கலத்தில் மிக்ஸி, ஃபேன், போர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். “அண்ணே, இன்னும் ஆயிரம் சுத்து போட்டா வேகம் வருமா?” என்றேன். அவர் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “சுத்தை விடுங்க தம்பி, கேஜைப் பாருங்க. 34 போட்டிருக்கான். சுத்து கூட்டினா கரண்டு குறையும், அம்புட்டுத்தான்” என்றார். கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண்; எண் குறைந்தால் கம்பி தடிக்கும். வீட்டில் கணக்குப் போட்டேன். காயில் தள்ளும் பலம், சுற்றுகளின் எண்ணிக்கையை மின்சாரத்தால் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. அதே வோல்ட்டில் அந்தப் பெருக்கலைக் கம்பியின் தடிமனும் ஒரு சுற்றின் நீளமும்தான் தீர்மானிக்கின்றன. 34க்குப் பதில் 28 கேஜ் என்றால் அது இரண்டரை மடங்கு. கூடுதல் சுற்று பேட்டரியை மிச்சம் பிடிக்கும், தள்ளும் பலத்தைக் கூட்டாது. இத்தனை வருடம் மோட்டார்களோடு புழங்கியும் எனக்கு இது பிடிபட்டிருக்கவில்லை. அந்த அண்ணனுக்கு என் கும்பிடு.

28 கேஜில் 600 சுற்று, நடுவில் போல்ட் கிடையாது. ஓம் மீட்டர் எட்டரை காட்டியது. 12 வோல்ட் பைக் பேட்டரி. ரீடு சுவிட்ச் இப்போது 2N3055 டிரான்சிஸ்டரைத் தூண்டிவிடுவதோடு சரி; காயிலின் மின்சாரத்தை டிரான்சிஸ்டர்தான் சுமக்கிறது. டயோடும் உண்டு. டயோடு போட்டால் காயிலில் மின்சாரம் சற்று நீடித்து, கொஞ்சம் வேகம் குறைகிறது. பாகம் பிழைத்துக் கிடக்கிறதே, அது பெரிது.

தட்டை நைலானில் 15 செ.மீ. விட்டம், 15 மி.மீ. தடிமனாகக் கடைந்தேன். எடை சுமார் 300 கிராம். காந்தத்தைச் சேர்க்காமலே நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதைத் தட்டு எதிர்க்கும் அளவு, பழைய தட்டைப் போல 13 மடங்குக்கு மேல். கனம் கூட்டினால் வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். வேகம் ஏற நேரமாகும், ஏறியபின் துடிப்பில்லாமல் ஓடும். வேகம் எங்கே நிற்கும் என்பதைக் காந்தமும் காயிலும்தான் சொல்லும்: காந்தம் கடக்கும்போது காயிலில் பிறக்கும் எதிர் வோல்ட் ஏற ஏற, உள்ளே போகும் மின்சாரம் குறைகிறது. அம்மீட்டர் முள் மெல்ல இறங்குவதை மருமகன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

டேக்கோமீட்டரில் நிமிடத்துக்கு 1,400 சுற்று. அந்த வேகத்தில் 4 கிராம் காந்தத்தை விளிம்பிலிருந்து பிய்க்கும் விசை அரைக் கிலோவுக்கு மேல். கிட்டில் சொன்னபடி ஃபெவிகுயிக்கை நம்பாதீர்கள். நான் அரால்டைட் பூசி, மேலே நைலான் நூலை இறுக்கிச் சுற்றியிருக்கிறேன்.

உள்ளே இருந்த தாளில் ‘பேட்டரி தீரவே தீராது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் போகும் பொருளில் இப்படிப் பொய் எழுதுவது எனக்குக் கோபமூட்டுகிறது. காயில் உதைப்பதை இன்னொரு பேட்டரியில் பிடிக்கலாம், உண்மை. ஆனால் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பும்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் காந்தத்துக்கும் பேரிங்குக்கும். வாங்குவதானால் அந்தக் காயிலை முதல் நாளே பிரித்துவிடுங்கள்.