பி.பி. பம்பை வைத்து கார்புரேட்டர் லீக் பார்க்கலாமா?

பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் மெஷின் போன்றவற்றில் வரும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வைத்த கார்புரேட்டரைக் கழுவி, கிட் (உள்ளே மாற்றும் சவ்வு, கேஸ்கெட் போன்ற சாமான்கள்) மாற்றி, திரும்ப மாட்டிய பிறகும் பெட்ரோல் வழிகிறது; அல்லது ஸ்டார்ட் ஆன வேகத்தில் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் கண்ணால் பார்த்துப் பயனில்லை. காற்று ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அதற்கான டெஸ்டரைத் தேடி அலைவதைவிட, பலரும் மெடிக்கல் கடையில் டயல் வைத்த பி.பி. கருவி ஒன்றை வாங்கி, கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்றடிக்கும் ரப்பர் பல்பையும் டயலையும் இந்த வேலைக்குத் திருப்பிவிடுகிறார்கள். பல்பு நல்ல சாமான். டயலுக்குத்தான் எல்லா வேலையும் ஆகாது.

வாங்கும்போது பல்பும் டயலும் ஒரே உடம்பாக ஒட்டியிருக்கும், உள்ளங்கையில் அடங்கும் வகையைக் கேளுங்கள். அதில் ஒரே ஒரு குழாய்தான் வெளியே வரும். டயல் தனி, பல்பு தனி என்றால் இடையில் 'T' வடிவ இணைப்பான டீ ஒன்று போட வேண்டும். மீன் தொட்டிக் கடையில் காற்றுக் குழாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் டீ போதும். பி.பி. குழாயின் உட்துளை ஏறத்தாழ 4 மி.மீ.; கார்புரேட்டரின் பெட்ரோல் நிப்பிள் அதைவிடச் சிறியது. 3 மி.மீ. உள்ளளவும் 5 மி.மீ. வெளியளவும் உள்ள பெட்ரோல் குழாயில் ஒரு சாண் வெட்டி, ஒரு முனையை பி.பி. குழாய்க்குள் திணித்து, மறுமுனையை நிப்பிளில் ஏற்றினால் கச்சிதமாக உட்காரும். திணிக்கும் இடத்தில் எச்சில் அல்லது சோப்புத் தண்ணீர் போதும். ஆயில் தடவினால் ரப்பர் ஊறிவிடும்.

கார்புரேட்டரைத் தொடும் முன் கருவியைச் சோதியுங்கள். பெட்ரோல் குழாயின் முனையில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்து, டயலில் 200 (மி.மீ. பாதரசம்) வரை ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முதல் பத்து விநாடியில் முள் கொஞ்சம் இறங்கும். அது லீக் இல்லை. ரப்பர் நீள்வதும் அழுத்திய காற்று ஆறுவதும்தான். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் பல்பின் திருகு வால்வையும் இணைப்புகளையும் பாருங்கள். இதைச் செய்யாமல் நல்ல நீடிலை (பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசி வால்வு) தூக்கிப் போடுவதுதான் இந்தக் கருவியால் வரும் முதல் நஷ்டம்.

இரண்டாவது நஷ்டம் டயலுக்கு. பி.பி. பட்டைக்குள் நிறையக் காற்று பிடிக்கும். அதனால் பல்பை அழுத்தும்போது முள் நிதானமாக ஏறும். கார்புரேட்டருக்குள் காற்றுக்கு இடமே கிடையாது. பழக்க தோஷத்தில் ஒரு முழு அமுக்கு அமுக்கினால் முள் 300-ஐத் தாண்டி முட்டி நிற்கும். உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டுப் பெட்டி வளைந்து, பிறகு முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. திருகு வால்வை அரைச் சுற்று திறந்தே வைத்து, இரண்டு விரலால் மெதுவாக அழுத்தி, வேண்டிய அளவு வந்ததும் மூடுங்கள். சிலர் நடுவில் ஒரு சின்ன பாட்டிலைச் சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள். முள் நிதானமாக ஏறும் என்பது சரி, ஆனால் நுணுக்கமான லீக்கும் அந்த பாட்டிலுக்குள் மறைந்துவிடும். பாட்டில் வேண்டாம்.

இப்போது கணக்கு. ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்பது 51.7 மி.மீ. பாதரசம். டயலின் உச்சமான 300 என்பது 5.8 பி.எஸ்.ஐ. மட்டுமே. டயாஃப்ரம் கார்புரேட்டரில் நீடில் திறக்கும் அழுத்தம் மாடலைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 25 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். ஆக, 250-ல் முள் அசையாமல் நின்றது என்றால் கேஸ்கெட்டில் பெரிய ஓட்டை இல்லை என்று மட்டும் தெரியும். நீடில் நல்லது என்று அர்த்தமில்லை. 7 பி.எஸ்.ஐ.யிலேயே திறந்துவிடும் கெட்டுப்போன நீடிலும் இந்தச் சோதனையில் பாஸாகிவிடும்.

நீடிலைப் பார்க்க கம்ப்ரஸர் சாமான் கடையில் 0–2 கிலோ (சதுர செ.மீ.க்கு) அளவுள்ள கேஜ் (28 பி.எஸ்.ஐ. வரை), அதற்கேற்ற பித்தளை ஹோஸ் நிப்பிள், டெஃப்ளான் டேப் வாங்குங்கள். 0–10 கிலோ கேஜ் வேண்டாம். நமக்கு வேண்டிய அளவு முழுவதும் அதில் முதல் இரண்டு கோட்டுக்குள் முடிந்துவிடும். பி.பி. பல்பால் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றுவது கைவலி. அதற்குப் பதில் 20 மி.லி. ஊசி சிரிஞ்சும், டிரிப்ஸ் குழாயில் போடும் த்ரீ-வே வால்வும் போதும். தள்ளி, வால்வைத் திருப்பி, காற்று இழுத்து, மறுபடி தள்ளலாம். சிரிஞ்ச் திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும். சும்மா செருகும் வகை அழுத்தத்தில் கழன்று தெறிக்கும். த்ரீ-வேயின் பிளாஸ்டிக் பெட்ரோல் பட்டால் விரிசல் விட்டுவிடும். அதனால் கார்புரேட்டரைக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.

மீட்டரிங் பக்க (நீடில் இருக்கும் பக்கம்) மூடியையும் டயாஃப்ரத்தையும் கழற்றி, நீடில் மேல் ஒரு சொட்டு லேசான ஆயில் விட்டு ஏற்றுங்கள். காய்ந்த நீடில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். ஒரு கட்டத்தில் 'புஸ்' என்று திறந்து, முள் சரிந்து, ஓரிடத்தில் நிற்கும். நின்ற அளவுதான் முக்கியம். திறந்த பிறகு எங்கும் நிற்காமல் பூஜ்யம் வரை சரிந்தால் நீடில் நுனியில் பள்ளமோ, அது உட்காரும் சீட்டில் அழுக்கோ இருக்கிறது. மூன்று தடவை பார்த்து, ஒரே அளவு வந்தால் நம்பலாம்.

முழுதாக மாட்டிய கார்புரேட்டரில் அழுத்தம் இறங்கினால் தண்ணீர் டம்ளரில் முக்குங்கள். நடுத்தொண்டையில் குமிழ் வந்தால் நீடில். மீட்டரிங் மூடியின் சின்னத் துளையில் வந்தால் நீடிலோடு மீட்டரிங் டயாஃப்ரமும் கசிகிறது. என்ஜினிலிருந்து துடிப்பு வரும் துளையில் வந்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பக்கவாட்டு விளிம்பில் வந்தால் கேஸ்கெட், அல்லது டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் வரிசை மாறியிருக்கின்றன.

இறைப்பு மோட்டாரில் வரும் ஃப்ளோட் கார்புரேட்டருக்கு மட்டும் பி.பி. டயலை அடித்துக்கொள்ள ஆளில்லை. டேங்க் ஒரு அடி உயரத்தில் இருந்தால் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தமே 16, 17 மி.மீ. பாதரசம்தான். தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் எடையில் நீடில் மூடியிருக்க, 30 வரை ஏற்றினால் போதும். அதைவிட மிக அதிகமாகப் போனால் நல்ல நீடிலையும் காற்றே தூக்கித் திறந்துவிடலாம்.

டூ-ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ் லீக் பார்க்கவும் டயல் உதவும். சைலன்ஸர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கி, ஸ்பார்க் பிளக்கை மாட்டியே வைத்து, 250 ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டயலில் இரண்டு கோட்டுக்கு நடுவே 2 மி.மீ. பாதரசம்தான் என்பதால் மெல்லிய கசிவும் கண்ணில் படும். ஆனால் ஆயில் சீலின் உதடு உள்ளழுத்தத்தில் இறுகி மூடி, வெற்றிடத்தில் மட்டும் காற்றை உள்ளே விடுவதுண்டு. பல்பின் வால் பக்கத்தில் குழாயை மாட்டினால் உறிஞ்சும்தான். எவ்வளவு உறிஞ்சியது என்று இந்த டயல் காட்டாது. சீல் வேலை அடிக்கடி வரும் கடைக்காரர்கள் பிரேக் ஆயில் எடுக்கும், வாக்குவம் (வெற்றிட) கேஜ் வைத்த கைப்பம்பை வாங்கிவிடுவது நல்லது.