தாள் கோப்பா, மின்கோப்பா? குமரி மாவட்ட அலுவலகங்களுக்கு எது சரிவரும்

களியக்காவிளைப் பக்கம் ஒருவருக்குப் பட்டா தகராறு என்று வைத்துக்கொள்வோம். வட்டாட்சியர் உத்தரவில் உடன்பாடு இல்லையென்றால் பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்வார். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஒவ்வொரு படியிலும் கீழ் அலுவலகத்தின் மூலக் கோப்பை வரவழைக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் இருக்கும் குழித்துறையிலிருந்து சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் தக்கலை, அங்கிருந்து நாகர்கோவில். பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாது. கோப்புக்குத்தான் மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பழையபடி தாள் கோப்பும், உதவியாளர் தன் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேடும். இரண்டு, தாள் கோப்பையே வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கணினியில் பதிவது. மூன்று, எல்லாமே கணினியில் நடக்கும் முழு மின்கோப்பு. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மின் அலுவலக மென்பொருளில் பின்னிரண்டுக்குமே இடம் உண்டு.

தாள் கோப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், பழைய ஆதாரங்களும் (பத்திரங்கள்) தண்டப்பேர் கணக்குகளும் (நில உடைமையாளர் கணக்கு) மலையாளத்தில் இருக்கின்றன. மங்கிய மையையும் ஓரத்தில் எழுதிய திருத்தத்தையும் மூலத்தில் பார்த்தால்தான் நிச்சயம் வரும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் கோப்பு இருக்க முடியும். அது எந்த மேசை என்பது பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டில் இருக்கும், அல்லது அவர் நினைவில் இருக்கும். அவர் மாறுதலாகிப் போனால் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது வழி பார்க்க நடுநிலையாகத் தெரியும். கோப்பு எங்கே என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் உதவியாளர் பதிவேட்டிலும் எழுதி, கணினியிலும் பதிய வேண்டும். வேலை மிகுந்த ஒரு நாளில் ஒரு நகர்வு விட்டுப்போனால் திரை ஒன்று சொல்லும், அலமாரி வேறொன்று சொல்லும். அதன்பிறகு இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். மூன்றிலும் அதிக உழைப்பைத் தின்பது இதுதான் என்பது என் கருத்து.

மின்கோப்பின் பெரிய பலம் வேகம் என்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பொறுப்பு. அந்த மென்பொருளில் மஞ்சள் குறிப்பு என்பது வரைவு; அதைத் திருத்தலாம், விட்டுவிடலாம். பச்சைக் குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பது பதிந்துவிடும். சிக்கல்களும் உண்டு. பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பகுதிகளில் இணையத்தை நம்பி உட்கார முடியாது. 2017 ஒக்கிப் புயலில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த மாவட்டம் இது. பேரிடர் வேலைக்குத் தாள் பதிவு ஒன்று கைவசம் இருந்தே ஆக வேண்டும். வானவில் என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் தேடினாலும் கிடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் நான் மின்கோப்பின் பக்கம்தான். ஒரு தேதி குறித்து, அன்றிலிருந்து வரும் தபால்கள் எல்லாம் மின்கோப்பாகட்டும். பழைய கோப்புகள் முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். எது மறுபடி உயிர் பெறுகிறதோ அதை மட்டும் செய்தால் போதும். நில ஆவணங்களின் மூலம் பதிவறையிலேயே இருக்கட்டும், அதன் படம் மட்டும் மேலே போகட்டும். மின்கோப்பை அச்செடுத்து, பச்சை மையில் ஒப்பமிட்டு, திரும்ப ஸ்கேன் செய்யும் வழக்கம் வேரூன்ற விடக்கூடாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின் கையொப்பம் செல்லும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விடுப்பு விண்ணப்பமும் நிலத் தகராறும் ஒரே வரிசையில் உதவியாளர், கண்காணிப்பாளர், மேலாளர் என்று ஏறத் தேவையில்லை. சாதாரண விஷயங்களுக்குப் படிகளைக் குறைக்காமல் கணினியை வைத்தால், அதே தாமதம் திரையில் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம், நகர்வுப் பட்டியலை அலுவலகத்துக்குள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது. தன் கோப்பு எங்கே என்று அறிய, மனுதாரர் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மென்பொருளில் ஏற்கனவே இருக்கும் அந்த விவரத்தை அவர் கைபேசியிலேயே பார்க்க வழி செய்ய வேண்டும்.