பழைய அச்சுத் தோற்றம்: ஒரு ஃபில்டர் போதுமா, நாலு பிளேட் வேண்டுமா?

வீட்டில் கிடந்த பழைய சிவகாசி காலண்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும் முருகனின் கன்னம், கிட்டத்தில் முழுக்க மஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) மஞ்சளுமான புள்ளிகள். மயில் கழுத்தின் ஓரத்தில் நூலிழை அளவுக்கு மஞ்சள் மட்டும் தனியே நிற்கிறது. பச்சைக்குச் சேர வேண்டிய சயான் (பச்சை கலந்த நீலம்) கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. அந்தக் கன்னத்தையும் அந்த ஓரத்தையும் கணினியில் கொண்டுவர மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன்.

படத்தை இப்படிப் புள்ளிகளாக உடைப்பதுதான் ஹாஃப்டோன். அதற்குப் போட்டோஷாப்பின் கலர் ஹாஃப்டோன் ஃபில்டர்தான் சுலபம். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் சாயும் கோணங்கள் 108, 162, 90, 45 என்று தயாராகவே இருக்கும். படத்தை முதலில் சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அச்சு நிறங்கள்) மாற்றிக்கொள்ளுங்கள். திரைக்கான சிவப்பு, பச்சை, நீலமான ஆர்ஜிபியிலேயே ஓட்டினால் கறுப்புக்கென்று தனிப் புள்ளி விழாது. ஆனால் புள்ளியின் அளவைச் சொல்லும் ரேடியஸ் 4 பிக்சலுக்குக் கீழே இறங்காது. சின்னப் படமாக இருந்தால் கண்ணும் மூக்கும் கரைந்துவிடும். புள்ளியும் வட்டம் மட்டும்தான். பெரிய எழுத்து, பூ, பழம் இதற்கெல்லாம் சரி. முகத்துக்கு நான் இதைத் தொடமாட்டேன்.

கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் நியூஸ்பிரிண்ட் ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் கோணம், புள்ளி இடைவெளி, வடிவம் எல்லாவற்றையும் தனித்தனியாக வைக்கலாம். குறை என்னவென்றால், நாலு நிறமும் ஒரே லேயரில் கலந்து வந்துவிடும். அப்புறம் சயானை மட்டும் நகர்த்துவது பெரும்பாடு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, கொஞ்சம் வேலை வாங்கும். போட்டோஷாப்பிலேயே சிஎம்ஒய்கே படத்தை ஸ்பிளிட் சேனல்ஸ் கொடுத்து, நிறத்துக்கு ஒன்றாக நாலு கறுப்பு வெள்ளைப் படமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பிட்மேப் மோடில் (சாம்பல் இல்லாத வெறும் கறுப்பு, வெள்ளை) ஹாஃப்டோன் ஸ்கிரீனாக மாற்ற வேண்டும். சயான் 15, மஜந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 டிகிரி. அச்சகத்தில் நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) போடும் கணக்கும் இதுதான். கோணங்களை நெருக்கி வைத்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையாகக் கோடு விழும். 600 பிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்) படத்துக்கு அங்குலத்துக்கு 30 புள்ளி வரிசை வைத்தேன். திரையில் புள்ளி நன்றாகத் தெரிகிறது.

புள்ளி வடிவத்தை எலிப்ஸ் (நீள்வட்டம்) என்று வையுங்கள். வட்டப் புள்ளி பெரிதாகும்போது நாலு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறம் சட்டென்று இருட்டும். நீள்வட்டம் முதலில் ஒரு திசையில்தான் கோத்துக்கொள்ளும், அதனால் கன்னத்தின் நிழல் மெதுவாக இறங்கும்.

பிறகு நாலையும் கிரேஸ்கேலுக்குத் திருப்பி, மெர்ஜ் சேனல்ஸில் சேர்த்துவிட்டு, ஒரு சேனலை மட்டும் சில பிக்சல் நகர்த்துங்கள். மஞ்சளை நகர்த்தினால் பெரிதாகத் தெரியாது. கறுப்பை நகர்த்தினால் எழுத்து கெடும். நான் மஜந்தாவைத்தான் தள்ளுகிறேன். உதட்டுச் சிவப்பு கோட்டைத் தாண்டி லேசாக வெளியே வந்து நிற்கும்.